நான் கொடுக்காத மேசை

எங்கள் கடற்கரை வீதியில் இரண்டு பாடசாலைகள் இருக்கின்றன. ஒன்று என் மகள் படிக்கும் முஸ்லிம் மகளிர் பாடசாலை. கல்முனைப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் மற்றது, தமிழ்க் கிராமத்தின் சிறிய பாடசாலை. இரண்டிலும் தண்ணீர்த் தாங்கி வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் மலசலகூடங்களுக்குப் பக்கத்தில் போக முடியாது. இரண்டையும் திருத்தக் காசு சேர்க்க ஒரு குடும்பச் சந்தை வைப்போம் என்று பெற்றோர் முடிவெடுத்தோம். மகளிர் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற அதிபர் டீச்சர் முன்னின்றார். எனக்குச் சிறுவயதில் கணக்குப் படிப்பித்தவர்.

"சாப்பாட்டு மேசையெல்லாம் உன்ட பொறுப்பு, புள்ள. ஆருக்குக் குடுக்கிற எண்டு நீயே பாத்துக்க" என்றார்.

அந்த நம்பிக்கையில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் யார் வட்டிலப்பம் நன்றாகச் செய்வார்கள், யாருடைய சமோசா மொறுமொறுப்பாக இருக்கும் என்றெல்லாம் யோசித்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு மேசைகளைப் பிரித்துக் கொடுத்தேன்.

அந்த நாட்களில்தான் அவள் என்னிடம் கேட்டாள்.

அவளை எனக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் பழக்கம். அவளுடைய மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, ஒரே வருத்தம், மூச்சு இழுக்கிற முட்டு. மாதம் ஒரு தடவை அங்கே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்போம். அவள் தமிழ்க் கிராமத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவர். முதல் நாள் என் மகளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபோது, எனக்கு முன்னால் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் எழுந்து வந்து தன் நம்பர் துண்டை என் கையில் வைத்து, "நீங்க முதல்ல போங்கக்கா, என்ட புள்ள இப்ப ஓரளவு நல்லம்" என்றாள். அப்படித் தொடங்கியது. பிறகு பிள்ளைகள் இரண்டும் ஒரே கொப்பியில் படம் கீறும் அளவுக்கு ஒட்டிக்கொண்டன. லீவு நாட்களில் அவள் மகளோடு எங்கள் வீட்டுக்கும் வந்து போவாள். அவள் டிபன் பெட்டியில் இறால் வடை கொண்டு வருவாள். நானும் மகளும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறோம்.

ஒரு கிளினிக் நாளில் அவள் கொஞ்சம் தயங்கித்தான் தொடங்கினாள்.

"அக்கா, சந்தையில எனக்கும் ஒரு மேசை தருவீங்களா? இறால் வடை போடுறன். இவர் கொண்டு வாற இறால்தானே. வாறதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தான்."

அப்போது என்னிடம் இன்னும் மேசைகள் இருந்தன.

"ஐயோ தங்கச்சி, எல்லா மேசையும் குடுத்து முடிஞ்சிபோச்சே" என்றேன்.

நான் முன்கூட்டி யோசித்து வைத்த பதில் இல்லை அது. வாயில் வந்துவிட்டது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "அதுக்கென்னக்கா" என்றாள். "ஏதும் உதவி வேணுமெண்டா சொல்லுங்க. சட்டி பானை கழுவவெண்டாலும் வாறன்."

"பார்ப்பம்" என்றேன். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஹலாலா, எந்தச் சட்டியில் பொரித்தது, எந்த எண்ணெய் என்று யாராவது ஒரு பெண் கேட்பாள். கேட்டால் இவள் முகம் சுருங்கும். எல்லா மேசையிலும் கூட்டம் நிற்கும்போது இவளுடைய மேசை மட்டும் வெறுமையாகக் கிடந்தால் எப்படித் தாங்குவாள்? அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படிக் கேட்கக்கூடிய பெண் யார் என்று என்னிடம் யாராவது விசாரித்திருந்தால், ஒருத்தியைக்கூட என்னால் காட்டியிருக்க முடியாது.

சந்தை அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தொடங்கியது. பாடசாலை மைதானத்தில் கடற்காற்றுக்குக் கூடாரத் துணிகள் படபடவென்று அடித்தன. தேசிக்காய் கரண்டி ஓட்டத்தில் உம்மாமார் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். தமிழ்ப் பாடசாலைப் பெற்றோரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மேசைக்காரர்களில் ஒருத்தி கடைசி நேரத்தில் வரவில்லை. அவளுடைய மாமியைத் திடீரென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்துவிட்டது. அந்த மேசை வெறுமையாக இருந்தால் வடிவில்லை என்று ஒரு துணியை விரித்து, தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்தேன்.

என் கிளினிக் சிநேகிதி வந்தாள். புருஷனும் மகளும் கூட வந்தார்கள். அவள் பச்சைச் சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். பிள்ளைகள் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு பலூன்காரர் பக்கம் ஓடிவிட்டன. நான் வட்டிலப்பம் இரண்டு கிண்ணம் எடுத்து அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அதிபர் டீச்சர் வந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இறால் வடைக்காரப் புள்ளையா! உங்கட பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில நான்தானே சொன்னன், இவட்டப் போய் ஒரு மேசை கேளுங்க எண்டு. அதுக்காகவே வீட்டில ஒண்டும் சாப்பிடாம வந்திரிக்கன். எங்க வடை?"

அவளை அனுப்பியதே டீச்சர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "இறால் வடையா? எங்க, எங்க?" என்று எட்டிப் பார்த்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தக் கிழமை இவருக்குக் கடலுக்குப் போகக் கிடைக்கல்ல டீச்சர். இறால் இல்ல. அதான் எனக்கு ஏலாதெண்டு அக்காட்டச் சொல்லிட்டன்."

அவளுடைய புருஷன் சட்டென்று அவளைப் பார்த்தார். கிழமை முழுக்கக் கடலுக்குப் போய் வந்த மனிதர். பிறகு குனிந்து வட்டிலப்பத்தைச் சாப்பிட்டார்.

"அடுத்த முறை கட்டாயம் போட வேணும்" என்று டீச்சர் நகர்ந்தார். அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். "பிழை என்னில்தான் டீச்சர்" என்று ஒரு வரி. சொல்லவில்லை. இன்னும் இரண்டு கிண்ணம் எடுத்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று நீட்டினேன்.

அதற்குப் பிறகு கிளினிக்கில் சந்தித்தபோதெல்லாம் அவள் வழக்கம்போலவே கதைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், கூட்டமாக இருக்கிறது என்று தள்ளிப் போடுவேன். பிள்ளைகளுக்கு முட்டு குறைந்து கிளினிக்கும் நின்றுபோனது.

அடுத்த சந்தை பற்றிய பேச்சு வந்த பிறகுதான் அவளைத் தேடி வீட்டுக்குப் போனேன். அவள் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். குடித்து முடிக்குமுன் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னிடம் மேசை இருந்தது என்றும், பொய் சொன்னேன் என்றும்.

"தெரியும்கா" என்றாள். "தண்ணிப் போத்தல் வெச்ச மேசையக் கண்டன். ஆனா எனக்கு அதுக்கு முதலே தெரியும். நீங்க சொல்லக்குள்ள என்ட முகத்தப் பாக்கல்ல."

"அப்ப ஏன் டீச்சருக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அத்தின பேருக்கு முன்னால நீங்க நிண்ட நிலையப் பாக்க ஏலாமப் போச்சி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"எனக்கு ஒண்டுமில்லக்கா. மகள்தான் பாவம். எப்படியும் மேசை கிடைக்குமெண்டு அவட்ட முதலே சொல்லிட்டன். அவ ஒரு மட்டையில இறால் படம் கீறி, கலர் அடிச்சி, 'அம்மாவின் வடை' எண்டு எழுதி வெச்சிரிந்தா. சந்தைக்கு வெளிக்கிடக்குள்ள அதையும் கொண்டு போவம் எண்டு நிண்டா. ஏன் வேணாம் எண்டு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை.

"இந்த முறை நல்ல இடமாப் பாத்து மேசை தாறன், வாங்க தங்கச்சி."

"இல்லக்கா. உங்களோட கோபமில்ல, சத்தியமா. ஆனா வரமாட்டன்."

பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன்.

அதிபர் டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். "ஊர் என்ன சொல்லுமெண்டு ஊரிட்டக் கேக்காம நீயே முடிவெடுத்திட்டாய்" என்றார். "என்னட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே, புள்ள." மேசைப் பொறுப்பை என்னிடமிருந்து அவர் எடுக்கவில்லை. நானே வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கதிரை அடுக்கும் வேலைக்குப் போனேன்.

இப்போது இரண்டு பாடசாலைகளிலும் புதுத் தாங்கி இருக்கிறது, மலசலகூடங்களும் கட்டியாகிவிட்டது. பெருநாளுக்கு அவள் எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள். தீபாவளிக்கு நான் அனுப்புகிறேன். கடைத்தெருவில் கண்டால் நின்று கதைக்கிறாள், "அக்கா" என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். என்னிடம் எதையும் கேட்பதில்லை.

அண்மையில் ஒரு நாள் என் மகள், "உம்மா, அந்த ஆன்ட்டியும் அவட மகளும் ஏன் இப்ப நம்மட வீட்டுக்கு வாற இல்ல?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.

"அவங்களுக்கு இப்ப வேல கூடிப்போச்சி, மகள்" என்றேன்.