முதல் வார்த்தை அவரிடம்

என் மகள் முதன்முதலாகக் கோர்வையாக வாசித்த வார்த்தை திருவேங்கடம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர். அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர். நான் வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தைக்காக நான் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தேன். அவர் லீவில் வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்கு முன்னால் நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளும் அங்கேதான் யு.கே.ஜி. படித்தாள். என் வகுப்பு மாடியில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே அவள் வகுப்பு தெரியும். மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் வாயைத் திறக்காமல் பெஞ்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டு இருப்பாள். பரீட்சை என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். வீட்டில் அப்படிப் பேசுகிற பிள்ளை அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷம் முடிந்ததும் நான் வேலையை விட்டேன், அவளையும் நிறுத்தினேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே. போனில் கேட்டேன். "ஒனக்கு சரின்னு பட்டா செய்யி" என்றார். அவ்வளவுதான் அவருடைய பங்கு.

நான் ஆசையாகச் செய்தேன். வீட்டு ஹாலில் பதித்திருந்த டைல்ஸ்தான் எங்கள் வாய்ப்பாடு. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம், சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு அவளை உள்ளே குதிக்கவிட்டு எண்ணச் சொல்வேன். அரிசியை உழக்கில் அளந்து படியில் கொட்டி அரையும் காலும் சொல்லிக்கொடுத்தேன். பரமபதத்துக்கு ஒரு தாயக்கட்டைக்குப் பதில் இரண்டு தாயக்கட்டை, ஏறும்போது கூட்டல், பாம்பு கடித்தால் கழித்தல். கணக்கு அவளுக்குப் பிடித்தது. சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்கினால் ஒரு காய்க்கு எத்தனை துண்டு என்று அவளே வந்து நிற்பாள்.

வாசிப்புதான் வரவில்லை. கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையை வெட்டி எழுத்து அட்டைகள் செய்திருந்தேன். தனித்தனியாகக் காட்டினால் எல்லா எழுத்தும் சொல்வாள். சேர்த்து வைத்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். கொம்பு போட்ட எழுத்துகளில் ரொம்பத் தடுமாற்றம். முதலில் கண்ணில் படுவது கொம்பு, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது அடுத்த எழுத்து. இந்தச் சின்ன இடறலில் அவள் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவாள். நான் ஒருநாளும் அதட்டியதில்லை. பள்ளியில் அதட்டுகிறார்கள் என்றுதானே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பொறுமையாகக் காத்திருப்பேன். தினமும் இரவு நானே கதை வாசித்துக் காட்டுவேன். என்றைக்காவது ஒருநாள் தானாகத் திறந்துகொள்ளும், அன்றைக்கு நான் பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவர் சாரல் காலத்தில் வந்தார். துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டியிருந்த நேரம். வந்த மறுநாளே பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

"பிள்ளைக்குச் சீட்டா சொல்லிக்கொடுக்கப் போறீங்க?" என்றேன்.

"கழுதை ஆட்டம்தான். காசு வச்சா ஆடுதோம்?"

தரையில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு ஆடினார்கள். அவர் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் ஜெயித்தார். "நீ கழுதை, நீ கழுதை" என்று மகளைச் சுற்றி நடந்து கத்தினார். நான் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தேன், அழப்போகிறாள் என்று. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னுடன் ஆடிய எல்லா ஆட்டத்திலும் அவள்தான் ஜெயித்திருக்கிறாள். தெரியாத மாதிரி தோற்பதில் நான் கெட்டிக்காரி. அப்போதெல்லாம் அவள் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

பிறகு புள்ளி எழுதி ஆடும் ஆட்டம் ஒன்று வந்தது. கூட்டலை அவர் வேண்டுமென்றே தப்பாகப் போட்டு அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்வார். மகள் பாய்ந்து பென்சிலைப் பிடுங்குவாள். "அப்பா, ஏமாத்துதீங்க! பதினேழும் எட்டும் இருபத்தஞ்சுதான்!" நான் உழக்கும் டைல்ஸும் வைத்துக் கொண்டுவந்த கணக்கு அது. கண்டுபிடித்துவிட்டாள் என்று அவளைத் தூக்கிச் சுற்றியவர் அவர்.

எனக்கு அப்போதே எரிய ஆரம்பித்தது. ஆனால் அதற்கு அப்போது பொறாமை என்று பெயர் வைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட வருவதில்லை, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறார் என்று வேறு வேறு காரணம் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டீ குடிக்க அவர் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பார். மகளையும் கூட்டிப்போவார். அங்கே ஒரு விளையாட்டு: உள்ளே வருகிற பஸ் எந்த ஊருக்கு என்று யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. தோற்றவர் திரும்பி வரும்போது காய்கறிப் பையைத் தூக்க வேண்டும். அவளுக்குச் சுரண்டை பஸ் எழுத்தின் உருவத்தை வைத்தே தெரிந்துவிட்டதாம். சிவகிரியும் அப்படியே. ஒருநாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு புதுப் பெயரோடு ஒரு பஸ் வந்து நின்றிருக்கிறது. இவர் "திருநெல்வேலி" என்று அடித்துவிட்டிருக்கிறார். அவள் "இல்ல இல்ல" என்று குதித்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் காற்றில் தொட்டு, கொம்பைத் தாண்டி, முழுப் பெயரையும் வாசித்துவிட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவர் கத்தினார். "ஏட்டி, இங்க வா! ஒன் மக திருவேங்கடம்னு வாசிச்சிட்டா தெரியுமா!"

"அப்படியா" என்றேன். கிரைண்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. கையை மாவிலிருந்து எடுக்கக்கூட இல்லை. சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருஷம் வாசலில் காத்துக்கொண்டு நின்றவள் உள்ளே தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் விருந்து வந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

கையைக் கழுவிவிட்டு அட்டைகளை எடுத்து வந்து மகள் முன்னால் பரப்பினேன். 'வேம்பு' என்று அடுக்கினேன். அதே கொம்புதான்.

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது.

"பஸ் ஸ்டாண்டுல வாசிச்சல்லா? இது அதைவிடச் சின்னது."

"அப்பாகிட்டதான் வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் நானும் கூடவே கிளம்பினேன். சேலை மாற்றிக்கொண்டு, என்னவோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பஸ் ஸ்டாண்டில் ராயகிரி பஸ் வந்தது. என் மாமனார் வீட்டு வயல் அந்தப் பக்கம்தான், எத்தனையோ தடவை அவள் ஏறிய பஸ். வாயைத் திறக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எதற்கும் அசையவில்லை. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பஸ் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்னிடம் மெதுவாக, "நீ கொஞ்சம் அங்கன திரும்பி நில்லு" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா நில்லு, சொல்லுதேன்லா."

நான் பி.எட். முடித்தவள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். பெற்ற பிள்ளை வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பஸ் ஸ்டாண்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எதிரே ஜூஸ் கடையில் அன்னாசிப்பழம் தொங்கியது. பின்னால் அவர் குரல்: "சுண்டல்! சுண்டல் போகுற பஸ்!" உடனே என் மகளின் குரல், சிரிப்பில் உடைந்து: "சுண்டல் இல்லப்பா! சு... ர... ண்டை! சுரண்டை!" அதை உருவத்தை வைத்துச் சொல்லவில்லை, எழுத்து எழுத்தாக வாசித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே நேரத்தில் அவர் வாயை மூட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நொடியில். ஜூஸ் கடைக்காரர் என்ன ஜூஸ் வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அந்த வாரமே ஒரு காலையில் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் நானும் மகளும் குளித்தோம். அவர் லீவில் வந்த பிறகு அவள் எனக்கே எனக்கென்று கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். உடை மாற்றும் அறையில் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன்.

"அம்மாகிட்ட ஏன் வாசிக்க மாட்டேங்குத?"

துண்டுக்குள் இருந்து பதில் வந்தது. "நீ மூச்சு விடுவ."

"மூச்சு விடாம எப்படிட்டி இருக்க முடியும்?"

"அப்படி இல்ல." துண்டை விலக்கி, என்னைப் போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மூக்கால் சின்னதாக ஒரு மூச்சை இழுத்து, பிடித்து, பிறகு மெல்ல விட்டாள். கண் அட்டையில் இருக்கிற மாதிரி கீழே பார்த்தது. "தப்பாச் சொன்னா இப்படி. அப்புறம் சிரிப்ப."

என்னை அப்படியே செய்துகாட்டினாள். பொறுமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததன் சத்தம் அது. ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சட்டையை மாட்டிவிட்டேன்.

வெளியே அவர் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றார். மகள் குரங்குகளை எண்ணப் போனதும் அவர்மேல் பாய்ந்தேன். "நீங்க ஒரு மாசம் ஆடிட்டு ரயிலேறிப் போயிருவீங்க. சாப்பாடு ஊட்டி, காய்ச்சல் பாத்து, எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான். வாசிச்சது ஒங்ககிட்ட."

"இப்ப யாருகிட்ட வாசிச்சா என்ன?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல."

அவர் பஜ்ஜியை ஊதிக்கொண்டே, "நான் விருந்தாளி. விருந்தாளிகிட்ட எந்தப் பிள்ளையும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தோற்றவளைத் தட்டிக்கொடுக்கிற குரலாகப் பட்டது. திரும்பும்போது பஸ்ஸில் மகள் அவர் மடியில் உட்கார்ந்து கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்படி இருந்தால்தான் அவள் வாசிப்பாள் என்பது எனக்கு இப்போது தெரிந்திருந்தது.

லீவு முடிந்து அவர் போன பிறகு சீட்டுக்கட்டு வீட்டில் கிடந்தது. ஆடலாமா என்று கேட்டேன். "நீ விட்டுக்கொடுப்ப" என்றாள். அவளுக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு உண்மையாகவே ஆடினேன், ஜெயித்தும்விட்டேன். அவள் அழுதாள். சீட்டை எடுத்து வைத்துவிடலாம் என்று போனபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடு" என்றாள்.

மூச்சுதான் கஷ்டமாக இருந்தது. எத்தனை கவனமாக இருந்தாலும் அவள் தடுமாறும்போது என் மூக்கு தானாக இழுத்துவிடும். கடைசியில் எதிரில் உட்காருவதையே விட்டேன். மத்தியானம் அடுப்படியில் கருவேப்பிலை உருவிக்கொண்டோ பூண்டு உரித்துக்கொண்டோ இருப்பேன். அவள் எனக்குப் பின்னால் அரிசி டப்பாமேல் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவாள். நான் வாசிக்கச் சொல்வதில்லை. பல நாள் படம் மட்டும் பார்த்தாள். ஒருநாள் ஒரு வரி வந்தது. தப்பான இடத்தில் நிறுத்தி, தானே திரும்பிப் போய்ச் சரிசெய்தாள். நான் பூண்டுத் தோலை ஊதிவிட்டேன், மூச்சு அதில் போகட்டும் என்று.

மழை விட்டு வெயில் வந்திருந்த ஒரு மத்தியானம் அவள் ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். குளத்துக்குக் காவல் இருக்கிற பூனையின் கதை. மீனைத் தின்ன மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் பசியோடு கரையில் உட்கார்ந்திருக்கும் பூனை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பூனைக்கு எதிர்க்கரையிலிருந்து ஒரு தவளை சோறு கொண்டுவரும். முடித்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு, ஹாலுக்கு டைல்ஸில் நொண்டியடிக்கப் போய்விட்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். சொன்னேன்.

"முழுசாவா? எப்ப?"

"மத்தியானம். பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தேன், பின்னால உக்காந்து வாசிச்சா."

பிறகு, "அவகிட்ட குடு. எனக்கும் வாசிக்கட்டும்" என்றார்.

மகளைக் கூப்பிட்டேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டே, "அப்புறம்" என்றாள். இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். போனை அவள் கையில் திணித்திருந்தால் பேசியிருப்பாள். "விளையாடுதா, இப்ப வர மாட்டா" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த இனிப்பை அவர் கண்டிப்பாகக் கேட்டிருப்பார்.

"சரி, கதை என்னன்னு நீயாவது சொல்லு" என்றார்.

பூனையின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு நடந்துபோனார்கள். கதை முடிந்ததும், "எங்கயாச்சும் தடுமாறினாளா?" என்று கேட்டார்.

"ஒரு எடத்துலகூட இல்ல" என்றேன்.

தடுமாறியிருந்தாள். சத்தியம் என்ற வார்த்தையில் வெகுநேரம் நின்றாள். தவளை முதலில் தவிலாகி, பிறகு தவளையாயிற்று. அதையெல்லாம் அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எனக்கே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.