மாடியில் தொங்கிய பதினொரு படங்கள்

வான் வண்டியின் கதவைத் திறந்ததும் அக்கா முதலில் படிகளைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்காட்சி மண்டபத்துக்கு ஏறும் படிகள் இருபத்திரண்டு. அன்று காலைதான் நான் அவற்றை எண்ணினேன்.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் செய்யும் கண்டிப் பட்டறை ஒன்றில் நான் தொழில்நுட்பவியலாளர். இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயது முதல் சக்கர நாற்காலியில் இருந்த அவர் அங்கே ஓவியர்; பட்டறையில் எல்லோருக்கும் அக்கா. முகவாயால் அழுத்தினால் அடிக்கும் மணி, தடித்த பிடி வைத்த கரண்டி, எழுத்தை வாசித்துச் சொல்லும் கணினி, கையால் சுற்றி ஓட்டும் வண்டி. இப்படியெல்லாம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியவைக்கத்தான் அவர் வரைந்தார். ஒவ்வொரு கருவியோடும் அதைப் பாவிக்கும் ஆள் இருப்பார். "சாமானை மட்டும் கீறினால் அது கடைப் பலகை. ஆளைக் கீறவேணும்" என்பார்.

கண்டிக்கு வெளியே கெலிஓயாவில் அவர் தங்கியிருந்த அறை சிறியது. ஒரு படத்தைச் சுருட்டி வைத்தால்தான் அடுத்ததை விரிக்கலாம். பதினொன்றையும் சேர்த்து அவர் பார்த்ததே இல்லை. கண்காட்சி முடிந்ததும் படங்கள் வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் பிரிந்துபோகும். அவரும் வெளிநாட்டிலிருக்கும் தன் அண்ணனிடம் போகிறார். "எல்லாத்தையும் ஒரு சுவரில ஒருக்காப் பாத்திட்டால் எனக்குக் காணும்" என்று சொல்லியிருந்தார்.

நகரில் குண்டு வெடித்ததால், எங்களுக்குத் தந்திருந்த கீழ் மண்டபத்தை இரண்டு நாட்களுக்கு முன் மூடிவிட்டார்கள். நான் ஓடித்திரிந்து வேறொரு கட்டடத்தில் இந்த மேல்மாடி மண்டபத்தைப் பிடித்தேன். பொலிஸ் அனுமதி, ஆணி, கயிறு, மின்குமிழ், தேநீர் என்று நீண்ட என் பட்டியலில் மண்டபத்துக்கு நேரே சரி போட்டேன். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளங்களை அளப்பதுதான் என் தினசரி வேலை. அந்தப் பட்டியலில் படிகள் இல்லை.

"நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டுப் போயிடுறோம் அக்கா."

"கலவரத்தில எங்கட சனம் என்னைத் தூக்கிக்கொண்டு மதில் பாய்ஞ்சவை. அது உயிருக்கு. படம் பாக்கிறதுக்கும் தூக்கோணுமே?"

"அப்ப படத்தையெல்லாம் கீழ எறக்கிடுறேன்."

"மழைக்குள்ளயோ? விடு, சனம் வரட்டும். நான் இதில இருக்கிறன்."

படிகளின் கீழே, மழை படாத சிறு வாசலிலேயே இருந்தார். ஏறுபவர்களிடம், "பாத்திட்டு வந்து எனக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ. என்ர படங்கள்தான்" என்றார். சிலர் பகிடி என்று சிரித்துக்கொண்டே ஏறினார்கள். இறங்கும்போது சிரிக்கவில்லை. அக்குறணையிலிருந்து வந்த இரும்புக்கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், கடைசிப் படியில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். "நம்ம கடை வாசல்லயும் ரெண்டு படி இருக்கு புள்ள. இத்தன வருசமா அது படின்னே நான் நெனக்கல்ல."

"உங்கட கால் நினைக்க விட்டிராது, நானா" என்றார் அக்கா.

மாலையில் எல்லோரும் போன பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். முதலாவது, இரண்டாவது என்று வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"இலக்கம் வேண்டாம். எதுக்குப் பக்கத்தில எது தொங்குது? ஆர் ஆரைப் பாக்கினம்?"

எனக்குத் தெரியவில்லை. இலக்கப்படி மாட்டியவள் நான்தான். மறுபடியும் மேலே போய், வெறுமையான மண்டபத்தின் நடுவில் நின்று, அப்போதுதான் பார்த்தேன். கணினியின் பக்கம் காதைச் சாய்த்திருந்த பார்வையற்ற பெண், அடுத்த படத்துப் பெரியவர் முகவாயால் அடிக்கும் மணியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து அதைச் சொன்னேன்.

அக்கா படிகளை மேலே வரை பார்த்தார். "அப்பிடியே?" என்றார் பிறகு. "நான் அதை நினைச்சுக் கீறேல்ல."

அடுத்த மாதம் போய்விட்டார். இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவது, அவர் இறந்துவிட்டதாக அவருடைய அண்ணன் எழுதியது. படங்களைப் பிரித்து அனுப்புமுன் ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்திருந்தேன்; சுவரைச் சேர்த்து ஒன்றுகூட எடுக்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பதினொன்றையும் மேசையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைப்பேன். போன வாரம், தடித்த கரண்டியால் தானே சோறு உண்ணும் சிறுமி, கைவண்டி ஓட்டிப்போகும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.