ஏழு குட்டிகள்

ஆபீசில் குற்றாலலிங்கத்துக்கு 'சம்சயம் சார்' என்று பெயர். மலையாளத்தில் சம்சயம் என்றால் சந்தேகம். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பால்காரன் அளந்து ஊற்றிய பாலை உள்ளே கொண்டுபோய் இன்னொரு முறை அளக்கிற மனிதர் அவர். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மனைவி மங்கலமே சொன்னாலும், தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் நம்புவார். தென்காசியிலிருந்து புள்ளியியல் பட்டத்தோடு திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டைப் பக்கம் குடியேறி, நாலைந்து இடம் மாறி, கடைசியில் சந்தேகப்படுவதற்கே சம்பளம் தரும் வேலையில் வந்து உட்கார்ந்தார்.

சுகாதாரத் துறைக்கு ஆலோசனை சொல்லும் சின்ன ஆய்வு மையம் அது. எந்த ஊரில் என்ன நோய், எத்தனை பிறப்பு, எத்தனை சாவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய படிவங்கள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டவணை போட்டு, இந்த ஊருக்கு நர்ஸ் வேண்டும், அந்த ஊருக்கு வேண்டாம் என்று மேலே எழுதுவது அவர் வேலை. பொய் சொல்ல வசதியாகக் கட்டம் போட்டுக் கொடுத்த காகிதம்தான் படிவம் என்பது அவருடைய தீர்மானம். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு இருபது வீட்டை நிரப்பியவர்கள் நாலு பேரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு சட்டமும் போட்டார். கேள்வியை அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும், ஒரு எழுத்துகூடச் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது.

1998 பிப்ரவரியில் ஜெபமலரின் படிவக் கட்டு அவர் மேசைக்கு வந்தது. ஜெபமலர் மார்த்தாண்டத்துக்காரி. வருஷ ஒப்பந்தத்தில் களவேலை பார்ப்பவள். மார்ச் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். பொய்ப் படிவம் என்று அவர் ஒரு வரி எழுதினால் இங்கே மட்டுமல்ல, அந்த நகரத்தில் வேறு எந்த ஆய்விலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். இது இரண்டு பேருக்குமே தெரியும்.

பொன்முடி போகும் வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயம். வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், நாற்பத்திரண்டு. ஒரு வருஷத்தில் பிறப்பு ஒன்பது. குழந்தைச் சாவு ஏழு. குற்றாலலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆயிரம் பிறந்தால் பத்துப் பதினைந்துக்கு மேல் சாகாத மாநிலத்தில் ஒன்பதுக்கு ஏழா? அங்கே வாரம் இரண்டு நாள் வரும் நர்ஸின் பதிவேட்டை வரவழைத்தார். முத்திரை குத்திய பதிவேடு. குழந்தைச் சாவு பூஜ்யம் என்றிருந்தது. அதை அவர் சந்தேகப்படவில்லை. படிவங்களைத்தான் துருவினார். நாற்பத்திரண்டிலும் ஒரே மை. எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. லயத்தில் நின்றுகொண்டு எழுதியவளுக்கு இவ்வளவு மணியான கையெழுத்து எப்படி வரும்?

அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். போனேன், கேட்டேன், சொன்னதை எழுதினேன் என்றாள். மாற்றிக் கேட்கக் கூடாது என்று சார்தானே சொன்னீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவள் அழவில்லை. அது அவர் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. அழுதிருந்தாலும் கூட்டியிருக்கும்.

சனிக்கிழமை தானே பஸ் ஏறினார். நெடுமங்காடு, விதுரா தாண்டி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினார். திரும்ப இரண்டு மணிக்கு ஒரே பஸ், அதை விட்டால் மறுநாள் காலைதான் என்று கண்டக்டர் எச்சரித்திருந்தார். முதல் வீட்டில் மாடம்மாள் என்ற கொழுந்து பறிக்கும் பெண் இருந்தாள். அவளும் தென்காசிப் பக்கத்துக்காரிதான். அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசாமல், படிவத்தை விரித்து, போன வருஷம் இந்த வீட்டில் எத்தனை குட்டிகள் செத்தன என்ற கேள்வியை அச்சிட்டபடியே மலையாளத்தில் வாசித்தார்.

"கழிஞ்ஞ கொல்லம் ஈ வீட்டில் எத்ர குட்டிகள் மரிச்சு?"

"ரெண்டு சார்," என்றாள் மாடம்மாள். "கழிச்சல்ல போயிட்டு. துட்டு வந்துட்டா?"

என்ன துட்டு என்று கேட்டார். அவள் வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். ஆட்டுக்கொட்டில். போன வருஷம் ஆடுகளுக்குச் சீக்கு வந்து குட்டிகள் செத்தனவாம். கால்நடை ஆபீசிலிருந்து வந்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டு, நஷ்டஈடு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அடுத்து வந்த ஜெபமலரையும் அந்த ஆபீஸ் என்றே நினைத்திருக்கிறார்கள்.

அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. படிவத்தை எழுதிய மலையாளிக்குக் குட்டி என்றால் குழந்தை. மாடம்மாளுக்குக் குட்டி என்றால் ஆடு. அந்தச் சட்டத்தைப் போடாமல் இருந்திருந்தால் ஜெபமலர் வாய்த் தமிழில் 'பிள்ளை' என்று கேட்டிருப்பாள், இந்தக் கூத்தே நடந்திருக்காது. சாவு எழுதியிருந்த இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டார். அங்கேயும் ஆடுதான். மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார்.

திங்கட்கிழமை குறிப்பு எழுதினார். சொல் குழப்பத்தால் ஆட்டுக்குட்டிகள் சேர்ந்துவிட்டன, ஏழும் நீக்கப்பட்டு பூஜ்யம் எனத் திருத்தப்படுகிறது, களப்பணியாளர் மேல் குற்றமில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். ஒருவர் மேல் குற்றமில்லை என்று அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது. ஜெபமலரைக் கூப்பிட்டு, படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஜெபமலர் படித்தாள். ஆடு என்ற இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்தவள், 'ஏழும் நீக்கப்பட்டு' என்ற இடத்துக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டாள்.

"சார் எத்தன வீட்டுல கேட்டிய?"

இருபது வருஷமாக அவர் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"மூணு," என்றார்.

"பதினெட்டாம் வீட்டுல ஆடு இல்ல சார். நான் அங்க இருந்து வெள்ளம் குடிச்சேன். கொட்டிலும் இல்ல, ஆட்டு மணமும் இல்ல. இதுல ஒப்பு போட்டா எனக்கு நல்லதுதான். ஆனா போட மாட்டேன்."

தன் கணக்கைக் காப்பாற்றத்தான் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பழக்க தோஷம். அப்புறம் முகம் சுட்டது. மூன்று வீட்டைப் பார்த்துவிட்டு ஏழு சாவையும் அடித்தவர் அவர். டீக்கடை ஆசாமிகளை எதற்காக வீட்டுக்கு அனுப்பினாரோ, அதையே பஸ்ஸுக்குப் பயந்து செய்திருக்கிறார். அதை அவளிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. குறிப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். சாவு எழுதியிருந்த நாலு வீடுகளில் அவர் பார்க்காமல் விட்டது பதினெட்டாம் வீடு ஒன்றுதான். அங்கே பொன்செல்வி இருந்தாள். நாஞ்சில் நாட்டில் தோவாளைப் பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த முறை அவர் படிவத்தை எடுக்கவில்லை. போன வருஷம் இங்கே குட்டி ஏதும் செத்ததா என்று தமிழிலேயே கேட்டார். ஒண்ணு என்றாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஆட்டை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டார்.

பொன்செல்வி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆடா? எங்க ஊருல பொம்பளப் பிள்ளயத்தான் சார் குட்டின்னு சொல்லுவோம். நாலு மாசம். நர்சம்மா வராத கிழமையா இருந்துட்டு. மலையெறங்க பஸ்ஸும் இல்ல. இந்நா வரைக்கும் வேற ஆரும் வந்து கேக்கல்ல. அந்த அக்கா ஒருத்திதான் கேட்டா."

வாசலிலேயே நின்று குறிப்பை எடுத்தார். பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதினார். பதினெட்டாம் வீட்டைப் பற்றி ஜெபமலர் எழுதியது சரி, பார்க்காமல் நீக்கியது என் தவறு என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நின்றுகொண்டே எழுதியதில் கையெழுத்து கோணலாக விழுந்தது. படிவத்தில் பெயருக்கு இடம் கிடையாது. இருந்தாலும் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்.

"ஊருக்குப் போயி கோயில்ல வெச்சுப் பேரு விடலாம்னு இருந்தோம்," என்றாள் பொன்செல்வி. "அதுவரைக்கும் குட்டின்னுதான் விளிச்சோம்."