தூக்கியும் அக்காவின் கலப்பையும்

அந்தரத்தில் நிற்கும் கலப்பையின் மேல் ஏறி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். டிராக்டரின் இன்ஜின் அணைந்து கிடக்கிறது. கலப்பையின் கொழுமுனைக்குக் கீழே விரல் நுழைகிற இடைவெளி விட்டு ஒரு செங்கலை நிறுத்தியிருக்கிறான். டீ தீருவதற்குள் முனை செங்கலைத் தொட்டுவிட்டால் எங்கோ எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். யாராவது குனிந்து பார்த்தால், "உத்துப் பாக்காதீங்க, அது கூச்சப்படும்" என்பான்.

எல்லோரும் அவனை 'தூக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பையைத் தூக்கக் கடப்பாரை நீளத்துக்கு ஒரு கம்பி இருக்கும். ஒவ்வோர் உழவுச் சால் முடியும் இடத்திலும் அதை மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் கலப்பை தானாக எழும்பும்படி மாற்றிக் கொடுப்பது இவன் தொழில். உடைத்துப் போட்ட லாரியிலிருந்து ஜாக்கி எடுப்பான். எண்ணெய்த் தொட்டிக்குக் காலாவதியான தீயணைப்பு சிலிண்டர். "அவன் அணைக்கறதுக்குச் செஞ்சான், நான் தூக்கறதுக்கு வச்சேன்" என்று பீற்றிக்கொள்வான். வாய்க்குப் பூட்டே கிடையாது.

எனக்கு அவன் தாய்மாமன் பேரன். அப்பா வழியில் சுற்றிக்கொண்டு வந்தால் பங்காளி. சண்டை என்றால் பங்காளி, வேலை ஆக வேண்டும் என்றால் மாமன் பேரன் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வகையறாவில் தலைமுறைக்கு ஓர் இடதுகைப் பழக்கக்காரர் உண்டு. முதலில் அவன் தாத்தா, பிறகு கத்தரிக்கோல் எடுத்தாலே துணி அழுகிற மாதிரி வெட்டும் ஓர் அத்தை, இப்போது இவன். இவன் பட்டறையில் துளைபோடும் இயந்திரத்தின் பிடிகூட இடப்பக்கம்தான். வேறு ஆள் வந்து நின்றால் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டவன் மாதிரி தடுமாறுவான்.

இவனுடைய அக்கா ஏணியிலிருந்து விழுந்ததில் இடது தோள் போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கை எதையும் பிடித்து இழுக்காது. புருஷனும் இல்லை. அவன் விட்டுப்போனது கொஞ்சம் வயலும், அவளைவிட வயதான ஒரு டிராக்டரும். கொழுந்தன் வந்து தேன் தடவின மாதிரிதான் பேசினான்.

"எதுக்கு அண்ணி உங்களுக்கு இந்தக் கஷ்டம்? வயல என்கிட்ட விட்டுடுங்க. விளையறதுல பாதி உங்க வீட்டு வாசல்ல வந்து இறங்கும்."

பாதிக்கு விட்ட கதை எனக்குத் தெரியும். என் சின்ன மாமியார் அப்படி விட்டுவிட்டு, கடைசியில் தன் வயலுக்குள் கால் வைக்கப் பிறத்தியாரிடம் கேட்டாள். அக்காவுக்கும் அது தெரியும். "இந்த மழைக்கு நானே உழுதுட்டா இந்தப் பேச்சு இங்கயே முடிஞ்சுது. முடியலன்னா நீயே எடுத்துக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தம்பியிடம் வந்தாள்.

"என்ன பண்ணுவியோ தெரியாது. நான் சொன்னா கலப்பை எழும்பணும்."

"நீ சொல்லக்கூட வேணாங்க்கா, நினைச்சாப் போதும்."

உழவன்று நானும் வரப்பில் நின்றேன். கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான். தம்பி அவள் டிராக்டரில் புதிதாக மாட்டியிருந்த பிடியை ஒரு தட்டுத் தட்டிக் காட்டியதும் கலப்பை குழந்தை மாதிரி எழும்பி நின்றது. அவன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டான்.

முதல் சால் முடியும் இடத்தில்தான் வந்தது வினை. அக்கா ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, மடியைத் தாண்டி இடப்பக்கம் நீட்டித் துழாவினாள். பிடியைத் தம்பி அங்கேதான் வைத்திருந்தான். நோகும் தோளால் ஸ்டியரிங்கை அடக்க முடியவில்லை. டிராக்டர் ஒரு பக்கமாக ஓடியது, சால் கோணிக்கொண்டது. இரண்டாவது சாலும் அப்படியே.

"அண்ணி, உழுறீங்களா, கையெழுத்துப் போட்டுப் பழகுறீங்களா?" என்றான் கொழுந்தன்.

"எண்ணெய் சூடாகணும், அதான்!" என்று தூக்கி கத்தினான்.

அக்கா வண்டியை நிறுத்தினாள். திட்டவில்லை.

"நல்லாத் தூக்குதுடா," என்றாள். "உனக்கு."

தூக்கி பிடியையும் அவள் தோளையும் மாறி மாறிப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிப் போனவனே அவன்தான். அந்தக் கையைத் தாங்கக் கழுத்தோடு தினமும் துணித்தொட்டில் கட்டிவிட்டவனும் அவனே. மறந்தான் என்று சொல்ல முடியாது. அவனுடைய இடது கை தன் பழக்கத்துக்கு இடம் பார்த்துவிட்டது.

"மழை இருட்டிக்கிட்டு வருது அண்ணி. என்ன முடிவு பண்ணீங்க?"

"இரு. இன்னும் பொழுது இருக்கு," என்றாள் அக்கா.

தூக்கி கலப்பையைத் தரையில் இறக்கினான். ஸ்பேனரை எடுத்து, பிடியை அதன் குழாய்களோடு அப்படியே கழற்றித் தரையில் வைத்தான்.

"அக்கா, ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ண மூடிக்க. வலது கைய சும்மா கீழ விடு."

"என்னடா, ஜோசியம் பாக்கப் போறியா?"

"விடுக்கா."

விட்டாள். முழங்காலுக்கு வெளியே, சற்றுப் பின்னால், அவள் கை தானாக வந்து விழுந்தது. அது கீழே தொங்கிவிடாமல், தம்பி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பிடி இருக்க வேண்டிய இடம் அதுதான் என்பதுபோலத் தன் உள்ளங்கையை அதன் அடியில் கொடுத்துவிட்டான். அந்தக் கையை அசைக்காமல், மறு கையால் எண்ணெய்க் குழாயை இழுத்து இழுத்து, அது அங்கே எட்டுகிறதா என்று பார்த்தான்.