முதல் மனுதாரர், இரண்டாம் மனுதாரர்

இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்டால், சட்டம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லும். அதற்குள் ஒருவர் மனம் மாறி ‘வேண்டாம்’ என்றால் போதும், மனு அத்தோடு முடிந்தது. எனக்கு நாலாவது மாதமே மனம் மாறிவிட்டது. அதை நானாகப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. திமிர்தான், வேறென்ன.

செங்கல்பட்டு கோர்ட்டில் இருந்த கடைசி வாய்தாவுக்குத் தாமதமாகப் போவது என்று முடிவு செய்தேன். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் தள்ளிப் போடுவார்கள், இன்னொரு மாதம் கிடைக்கும். மாமல்லபுரத்தில் எட்டு மணி பஸ்ஸை என் கண்ணெதிரிலேயே போகவிட்டேன். அடுத்ததில் ஏறி, பாதி வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி நின்றுகொண்டேன். மார்கழி மாதம். மலை பாதிக்கு மேல் பனிக்குள் இருந்தது, கோயில் மட்டும் தனியாக மிதந்தது. செங்கல்பட்டு பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. கனவில் நிற்கிற மாதிரி நின்றேன்.

அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்து என் கணவரும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். ஆனால் ஒன்பதரைக்கே கோர்ட் வாசலில் நிற்கிற ஆள் அவர். மணி பத்தேகால். எப்போதோ போயிருப்பார் என்று நினைத்தபோது அவர் வண்டி என் முன்னால் வந்து நின்றது.

“பஸ்ஸை விட்டுட்டியா?”

“ம்.”

“ஏறு. நேரமாச்சு.”

என்னைத் தலைமுழுக இவ்வளவு அவசரமா என்று அழுகை வந்தது. ஏறினேன். ஆனால் வண்டி முப்பதைத் தாண்டவில்லை. வழியில் டீக்கு நிறுத்தினார். எனக்குச் சர்க்கரை குறைவாக என்று அவரே சொன்னார். ஏரி வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீரில் நின்ற நாரைகளைக் காட்டினார். இருவரும் வெகுநேரம் பார்த்தோம். இந்த ரோடு செங்கல்பட்டுக்குப் போகாது என்று உண்மையாகவே நம்பினேன்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் கெட்ட நேரம், நீதிபதி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வக்கீல். அவர் ஓடி வந்தார்.

“இன்னா சார், ஒரே வண்டியில வந்துகினு. பாத்தா இன்னா நெனைப்பாங்க? தனித்தனியா படி ஏறுங்க.”

சேர்ந்து கேட்கிற மனுவில் எதிர்மனுதாரர் கிடையாது. அவர் முதல் மனுதாரர், நான் இரண்டாம் மனுதாரர். ஏழு வருஷத்தில் நாங்கள் ஒரே பக்கம் நின்றது அந்தக் காகிதத்தில்தான்.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றோம். சம்மதமா என்று முதலில் அவரைக் கேட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? நான் தரையைப் பார்த்தேன். “சம்மதம்” என்றார். நானும் அதையே சொன்னேன்.

வெளியே வந்ததும் அவர் வக்கீலிடம் கேட்டார்.

“நாங்க வராம இருந்திருந்தா?”

“ஒண்ணும் ஆயிருக்காது சார். வாய்தா தள்ளிப் போயிருக்கும். அதான் வந்துட்டீங்களே.”

“அதுக்குத்தான் லேட்டா கிளம்பினேன். வழியில இவ பஸ்ஸை விட்டுட்டு நின்னா. இவளுக்கு அவசரம் போலன்னு கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

நானும் அதற்குத்தான் நின்றேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று வக்கீலைக் கேட்டேன்.