ஏற்றிவிட வந்தவர்

காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, ஏலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓடி வந்தால், பஸ் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரியவர்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். இவருக்குப் பேத்தியைக் கொஞ்சி முடியவில்லை.

"பெருசு, ஜல்தி! கொஞ்சறதுன்னா உள்ள போய் கொஞ்சு."

என்று அவரைத் தள்ளிக்கொண்டே நானும் ஏறினேன். பஸ் கிளம்பிவிட்டது.

ஊர் தாண்டியதும் கண்டக்டர் கேட்டார், "எங்க போவணும்?"

"நான் எங்கியும் போவலீங்க. பொண்ண ஏத்திவுட வந்தேன்."

பஸ்ஸே சிரித்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அப்பா, அம்மா டிபன் பண்ணிக்கினு காத்திருக்குமே!"

"நிறுத்தறேன், எறங்கிக்கிறீங்களா?" என்றார் கண்டக்டர்.

பேத்தி அவர் தோளிலேயே தூங்கியிருந்தாள். "வேணாங்க, கொழந்த முழிச்சிக்கும். விழுப்புரமே ஒண்ணு குடுங்க."

தள்ளியவன் நான்தானே, அந்த டிக்கெட்டை நானே எடுத்தேன்.

விழுப்புரத்தில் இறங்கும்போது மகளிடம் அவர் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "அம்மா கேட்டா, யாரோ ஒரு ஆளு புடிச்சித் தள்ளிட்டான்னு சொல்லு."

பழியை ஏற்றுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள், ஏற்றிவிட வந்து ஊர் வரைக்கும் போனவர் உங்கள் வீட்டில் யார்?