எல்ஸிக்கு அடித்த மணி

பெர்னார்டிடம் நீங்கள் எந்தக் குறை சொன்னாலும் கேட்டுக்கொள்வார். கார் ஓட்டுவது மோசம், பாடுவது அதைவிட மோசம், காப்பியில் சீனியை அள்ளிக் கொட்டுகிறார் என்று என்ன சொன்னாலும் சிரிப்பார். துக்க மணியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில், ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்துக்குள் சின்ன மாதா கோயில் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்தக் கோயிலின் மணிக்கயிறு முப்பத்தெட்டு வருஷம் அவர் கையில்தான் இருந்தது. ஒரு சாவுக்குக்கூட எண்ணிக்கை பிசகியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. முதல் அடி முதல் வயசுக்கு, கடைசி அடி கண்ணை மூடிய வயசுக்கு. தொண்ணூறைத் தாண்டியவர் போனால் மணியடிப்பவருக்குத் தோள் கழன்றுவிடும். சுற்றிலும் ஒப்பாரியும் ஜெபமும் நடக்கும்போது எண்ணிக்கை மனசில் நிற்காது. அதற்காகப் புளியங்கொட்டை வைத்திருந்தார்கள். வயசுக்குச் சரியாக எண்ணி இடப்பக்கப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வலக்கையால் கயிற்றை இழுத்து ஓர் அடி அடித்ததும், இடக்கையால் ஒரு கொட்டையை எடுத்துக் காலடியில் இருக்கும் டின்னில் போட வேண்டும். பை காலியானால் வயசு முடிந்தது.

கொட்டை சேர்ப்பது அவர் மனைவி எல்ஸியின் வேலை. புளி கரைக்கும்போதெல்லாம் கழுவிக் காயவைத்து மைலோ டின்னில் போட்டுவைப்பாள். தோட்டத்திலிருந்து சாவுச் செய்தி வந்ததும் பெர்னார்டின் கறுப்புக் கோட்டை எடுத்து உதறுவாள், பையை வெளியே இழுத்துத் திருப்பிப் பார்ப்பாள், தையல் விட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து இரண்டு இழை போடுவாள். பிறகு எண்ணிப் போட்டு, "எழுபத்திரெண்டு இருக்கு. நீங்களும் ஒருவாட்டி எண்ணிக்குங்க" என்பாள். அவர் எண்ண மாட்டார். அவள் எண்ணினால் போதும்.

அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு ஈப்போவுக்கு வந்தபோது அவருக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட், சாவு விழுந்தால் தோட்டத்துக்கு ஓட்டம். அவள் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தாள். அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். வலேரியையும் ஜெரமியையும் எப்படித்தான் வளர்த்தார்களோ! அவர் ஓய்வு பெற்ற மாதம் எல்ஸிக்கு ஐம்பத்து நாலு முடிந்தது. அவளும் கேண்டீனை விட்டாள். அதன்பிறகு மூன்று வருஷம் சேர்ந்து மார்க்கெட் போனார்கள், சேர்ந்து மீன்காரனிடம் சண்டை போட்டார்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். கடைசி ஏழு மாதம் வயிற்றில் கட்டி. அப்புறம் அவள் போய்விட்டாள். வயசு ஐம்பத்தேழு.

அவளுடைய அப்பா அம்மா தோட்டத்துக் கல்லறையில்தான் கிடக்கிறார்கள். அங்கேயே கொண்டுபோனார்கள். மணியை வேறு யாராவது அடிக்கட்டும் என்று எல்லாரும் கெஞ்சியும் பெர்னார்ட் கேட்கவில்லை. அன்றைக்குக் கொட்டையை அவரே எண்ணினார், இரண்டு தடவை. அடித்தார். கண்ணீரில் கயிறே தெரியவில்லை. கை பைக்குள் போய் வெறுங்கையாக வந்தபோது நிறுத்தினார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைத்தான் சொன்னார். "நான் அவளுக்கு என்னா செஞ்சேன்? ஒரு நல்ல சேல வாங்கிக் குடுத்ததில்ல, ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. ஆனா மணிய மட்டும் முழுசா அடிச்சேன். அம்பத்தேழும் அடிச்சேன்." அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார்.

அடுத்த வருஷம் மணியைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். வெண்கலத்துக்கு நல்ல விலை போலிருக்கிறது. மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கழற்றினானோ என்னவோ, பாவி! புது மணிக்கு வழியில்லை. மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் சாமி, "ஒரு ஸ்பீக்கர்ல மணிச் சத்தம் போட்டுக்கலாமே" என்றார். கல்லறைத் திருநாளுக்குள் தானே செய்து தருவதாக பெர்னார்ட் சொன்னார். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மணியை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து மணிக்கு ஓரத்தில் ஒரு கீறல் உண்டு, அடித்தபின் சத்தம் கொஞ்சம் நடுங்கும். அதுதான் வேண்டும்.

அந்த மணி பதிவாகியிருந்தது ஒரே இடத்தில்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துசேர முடியாத ஜெரமிக்காக, அம்மாவின் அடக்கத்தை வலேரி தன் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தாள். பெர்னார்ட் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"பாக்கணுமா பா?" என்றாள் வலேரி.

"நான் பாக்க மாட்டேன். ஒரே ஒரு அடி, பின்னால அழுக சத்தம் இல்லாம வெட்டிக் குடு, போதும்."

அதுவரை அவர் மற்ற வேலையைப் பார்த்தார். தபால்தலை அளவில் பாட்டுப் போடும் ஒரு மின்பலகை வரவழைத்தார். நகத்தளவு மெமரி கார்டைச் செருகினால் அதிலிருப்பதைப் பாடும். ஆயுசு முழுக்கத் தொழிற்சாலையில் அடுத்தவன் பலகைக்கு ஈயம் வைத்த மனுஷன், தன் வீட்டு மேசையில் முதல் பலகையை ஒரே நிமிஷத்தில் கருக்கினார். ஸ்பீக்கர் என்று போட்டிருந்த இரண்டு கம்பிக்கால்களையும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துவிட்டார். அவை சின்ன ஸ்பீக்கரை நேராக மாட்டுவதற்கானவை. ஒரு கால் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தில் பட்டதும் பலகை சுட்டது, வாடை வந்தது, முடிந்தது.

இரண்டாவது பலகையில் ஆம்ப்ளிஃபயருக்கென்றே இருக்கும் காலிலிருந்து ஒயர் எடுத்தார். இப்போது உயிர் வந்தது, கூடவே ஓர் இரைச்சலும் வந்தது. எர்த்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, கார் பேட்டரியில் மாட்டியதும் அடங்கியது. ஒரு பட்டனை வைத்தார். ஓர் அழுத்து, ஓர் அடி. எத்தனை வயசானாலும் அத்தனை முறை அழுத்திக்கொள்ளலாம்.

குழாய் ஸ்பீக்கரை சன்னாசி கொண்டுவந்தார். தோட்டத்து லயத்தில் மிச்சமிருக்கும் நாலு வீட்டில் ஒன்று அவருடையது. "அம்மன் கோயில்ல பழைய குழாய் சும்மா கெடக்கு மச்சான். கொஞ்சம் துரு, ஆனா ரோசாக் ஆகல, நல்லாத்தான் கத்தும். எடுத்துக்கோ, அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா லா" என்றார்.

ஒரு சனிக்கிழமை வலேரி மடிக்கணினியோடு வந்தாள். திரையில் மணிச் சத்தம் மேடு மேடாகத் தெரிந்தது, ஒரு மேட்டுக்கு ஓர் அடி. அழுகை கலக்காதது ஒன்றே ஒன்றுதான், பதினொன்றாவது. அதை வெட்டி கார்டில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"பா, இதுல அம்பத்து நாலுதான் இருக்கு."

"நீ ஃபோன லேட்டா தொறந்திருப்ப."

"இல்ல பா. நீங்க கயித்தப் புடிக்கிறதுல இருந்து இருக்கு."

பார்க்க மாட்டேன் என்றவர் பார்த்தார். படத்தில் ஒரு கிழவர் கயிற்றை இழுக்கிறார், பைக்குள் கைவிடுகிறார், டின்னில் போடுகிறார். கடைசியில் பைக்குள் துழாவுகிறார். வெறுங்கையை எடுத்து ஒரு நிமிஷம் பார்க்கிறார். பிறகு கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார். அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

பெர்னார்ட் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அன்றைக்குக் கழற்றி மாட்டிய கோட்டு அப்படியே தொங்கியது. இடப்பக்கப் பையைத் திருப்பினார். மூலையில் தையல் விட்டு இரண்டு விரல் நுழையும் ஓட்டை. கோட்டின் கீழ்விளிம்பைத் தடவினார். உள்துணிக்குள் மூன்று கட்டிகள் கைக்குத் தட்டுப்பட்டன.

கொட்டையை இரண்டு தடவை எண்ணியவருக்குப் பையைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்று தோன்றவே இல்லை. அது எல்ஸியின் வேலை. ஏழு மாதமாய்ப் படுத்துக் கிடந்தவள் எந்தப் பையைத் தைப்பாள்? அவர் கட்டிலில் உட்கார்ந்து, கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

"யாருக்கும் தெரியாது பா. விட்டுருங்க" என்றாள் வலேரி.

"எனக்குத் தெரியுமே. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சரியா அடிச்சேன். அவளுக்குக் கொறச்சுட்டேனே!"

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உள்துணிக்குள் கிடந்த மூன்று கொட்டைகளையும் மேலே தள்ளி ஓட்டை வழியே எடுத்தார். கல்லறைத் திருநாளன்று அந்த மூன்று அடியையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். மணி இல்லாவிட்டால் என்ன, அதன் சத்தம் இருக்கிறதே.

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் ஊரை விட்டுப்போனவர்களெல்லாம் வண்டி வண்டியாக வந்திருந்தார்கள். பூசை முடிந்து, சாமி தீர்த்தச் செம்போடு கல்லறைகளை மந்திரிக்கக் கிளம்பினார். செம்பனை நிழலில் மெழுகுவத்திகள் எரிந்தன. வலேரி அம்மாவின் சிலுவைக்குப் பக்கத்தில் நின்றாள். பெர்னார்ட் கோட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கூண்டின் அடியில், பேட்டரியும் பலகையும் இருந்த பெட்டிக்கு முன் நின்றார். சாமி எல்ஸியிடம் வந்ததும் சன்னாசி அங்கிருந்து கையசைத்தார்.

பட்டனை அழுத்தினார். அதே மணி, அதே கீறல், அதே நடுக்கம். குனிந்து நின்றவர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பெர்னார்ட் கையில் வைத்திருந்த மூன்றில் ஒரு கொட்டையை டின்னில் போட்டார். ஐம்பத்தைந்து.

சத்தம் அடங்கும்வரை காத்திருந்து இரண்டாம் முறை அழுத்தினார். அவர் காது முப்பத்தெட்டு வருஷம் மணி கேட்ட காது. எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல விழாது, கயிற்றை இழுப்பவனின் மூச்சு அதில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்த அடி முந்தைய அடியேதான். நடுக்கம்கூட மயிரிழை மாறவில்லை.

மூன்றாவதும் அதுவேதான். பதினொன்றாவது அடி. அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு மூன்று என்று பதினொரு வயசு எல்ஸிக்கே நாலு அடி அடித்தாயிற்று. ஐம்பத்தைந்துக்கும் ஐம்பத்தாறுக்கும் ஐம்பத்தேழுக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த வருஷங்கள் அவை மூன்றும்தான்.

சன்னாசி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். "பழைய மணி மாதிரியே இருக்கு மச்சான்! வித்தியாசமே தெரியல லா!"

"ஆமா" என்றார் பெர்னார்ட்.

டின்னிலிருந்து மூன்று கொட்டைகளையும் பொறுக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தார். சிலுவையின் காலடியில் புதைத்துவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். புதைக்கவில்லை. அவற்றைக் கோட்டின் இடப்பக்கப் பையில் போட்டார். அவை ஓட்டை வழியே ஒவ்வொன்றாக இறங்கி, பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன.

வலேரி அதைப் பார்த்துவிட்டாள். "குடுங்க பா, வீட்டுக்குப் போயி அந்தப் பைய தச்சுத் தரேன்."

"வேணாம்மா" என்றார். "அம்மா வேல அது."